பரந்தன் சந்தியிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை

தருமபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால், முல்லைத்தீவுப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஏறிப் பரந்தன் சந்தியில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஏ9 வீதியில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். ஆனையிறவு, இயக்கச்சி, பளை, முகமாலை, கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி, நாவற்குழி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த வீதியால் நாங்கள் எல்லோரும் எத்தனையோ காரியங்களுக்குப் போய் வந்திருக்கிறோம். காணாமற்போனவரைத் தேடிப் போயிருக்கிறோம். கச்சேரிக்கும் கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போயிருக்கிறோம். 2025 வைகாசி மாதத்தில் நான் போனது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் மகப்பேற்று வைத்திய நிபுணரைக் காண்பதற்காக. எனக்கு வயது 38. முழுகாமல் இருந்து அப்போது 20 கிழமை.

எங்கள் ஊரில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். நாங்கள் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். எட்டுக் கிழமைக்குள் பதிவது நல்லது என்பார்கள். நான் ஏழாவது கிழமையில் பதிந்தேன். மிஸ்ஸி என்னுடைய உயரம், நிறை, பிறஷர் எல்லாம் பார்த்து அட்டையில் எழுதினார். பிறகு கேள்விகள் தொடங்கின. எத்தனையாவது பிள்ளை? முதல் பிள்ளை எப்படிப் பிறந்தது? இடையில் ஏதும் கலைந்ததா? வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் இருக்கா? உடம்பில் காயம் ஏதும் உண்டா?

என் பதில்களைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அக்கா, நீங்கள் நிபுணரின்ர கிளினிக்குக்குப் போக வேண்டிய ஆள். பயப்படாதேங்கோ. உங்களில குறை எண்டு அர்த்தமில்லை. கூடக் கவனமெடுக்க வேணும் எண்டுதான் அர்த்தம்.”

35 வயது கடந்தவர்கள், பிறஷர் உள்ளவர்கள், சீனி வருத்தக்காரர், இருதய வருத்தம் உள்ளவர்கள், இரத்தம் குறைந்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், முன்பு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவர்கள், முன்னைய பிள்ளை வயிற்றிலேயே இறந்தவர்கள் எல்லோரையும் அப்படித்தான் அனுப்புவார்கள். எனக்கு அதில் நான்கு பொருந்தியது. அதைவிட, அந்தப் பட்டியலில் வழமையாக இல்லாத ஒன்றும் என்னிடம் இருந்தது. 2009இல் பட்ட செல் துண்டொன்று இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் வலப்பக்கத்தில் இன்னும் கிடக்கிறது.

முதலில் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்தான் காட்டினேன். அங்கே நிபுணர் இரத்தம் சோதித்து, பிறஷருக்கு வேண்டியதைச் செய்து, 12 கிழமைக்குப் பிறகு சிறிய அளவு அஸ்பிரின் குளிசை எழுதித் தந்தார். பிறஷர் கூடக்கூடிய தாய்மாருக்கு அது கொடுப்பதுண்டு. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது, நிபுணர் சொல்லாமல் கடையில் வாங்கி விழுங்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். பிறகு பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். முதற் பிள்ளையின் சத்திரசிகிச்சை பற்றி ஒரு பதிவும் இல்லாததும் முதுகில் செல் துண்டு கிடப்பதும்தான் காரணம்.

அந்தப் பதிவு எங்கே போனதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் மூத்தவள் பிறந்தது 2009 மாசி மாதம், இடம்பெயர்ந்து இயங்கிய ஓர் ஆஸ்பத்திரியில். பிள்ளையை எடுத்துத் தந்த டொக்டரின் முகம்கூட எனக்கு வடிவாக ஞாபகமில்லை. அங்கே எழுதித் தந்த ஒற்றைத் தாள், பங்கரில் நனைந்து, நந்திக்கடல் கடக்கையில் மற்ற எல்லாவற்றோடும் போய்விட்டது.

“தாள் இல்லாட்டி என்ன, ஆக்கள் இருக்கினம்தானே. அந்த நேரம் உங்களோட நிண்டவையைக் கேளுங்கோ” என்றார் மிஸ்ஸி.

என்னோடு நின்றது அம்மா. அந்த நாளைப் பற்றி அம்மாவும் நானும் 16 வருடமாக ஒரு சொல்லும் கதைத்ததில்லை. பேத்தி பிறந்த அன்று பின்னேரம்தான் தம்பியும் போனான். பிறந்த கதையைத் தொட்டால் இறந்த கதையும் வரும். அதனால் மகளின் பிறந்தநாளுக்கும் கோயிலுக்குப் போய் வருவதோடு சரி. யாழ்ப்பாணம் போவதற்கு முதல்நாள் இரவு, மகள் படுத்த பிறகு, விளக்கைக் குறைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சுவரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

“எட்டு மாசம் முடியேல்லைப் பிள்ளை. வயிறு அகலமாக் கிடந்தது. பிள்ளை குறுக்கால கிடக்கு, இனிப் பாத்துக்கொண்டு நிக்கேலாது எண்டு டொக்டர் சொன்னவர். ரண்டு போத்தல் ரத்தம் ஏத்தினவை. ஒண்டு தம்பியின்ரதான்.”

தம்பி எனக்கு இரத்தம் தந்தது அன்றுதான் எனக்குத் தெரியும். இருவரும் அழுதோம். அழுது முடிய அவர் சொன்னதையெல்லாம் ஒரு கொப்பித் தாளில் எழுதினேன். பத்து வரிதான் வந்தது.

மறுநாள் விடியற்காலையில் பரந்தனில் பஸ் மாறினேன். ஆனையிறவில் வெயில் ஏறமுன்னமே உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே வீதி. 2002இல் பாதை திறந்தபோது வன்னிச் சனம் இந்த வழியாகத்தான் யாழ்ப்பாணத்து வைத்தியர்களிடம் போனது. 2006 ஆகஸ்ட்டில் முகமாலையோடு பாதை மூடப்பட்டது. அந்த நாட்களில் வன்னியில் வயிற்றில் பிள்ளையோடு இருந்த எங்களுக்கு 60 கிலோமீற்றர் என்பது கடல் கடந்த தூரம் போலத்தான். இன்று ஒரு ரிக்கற்றோடு கடந்துவிடுகிறோம். முகமாலையைத் தாண்டும்போது, பக்கத்தில் இருந்த பெண் தன் கைக்குழந்தைக்கு யன்னலால் பனைகளைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

நீண்ட தூரம் போகும் கர்ப்பவதிகள் சில காரியம் கவனிக்க வேண்டும். முன் இருக்கையில், சாரதிக்குக் கிட்ட இருந்தால் குலுக்கம் குறைவு. கொண்டக்டரிடம் சொன்னால் இடம் எடுத்துத் தருவார். காலைத் தொங்கவிட்டபடியே இருக்காமல் கணுக்காலை அசைத்துக் கொடுங்கள். வழியில் ஒதுங்க இடமில்லையென்று தண்ணீர் குடிக்காமல் வருவது எங்கள் பெண்களின் பழக்கம். அது கூடாது. சீனி சோதிப்பதற்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். இரத்தம் எடுத்து முடிந்ததும் சாப்பிடலாம்.

பெரியாஸ்பத்திரி யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்டத்தான், நடந்தே போகலாம். 1850இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கியது என்பார்கள். இன்று அது போதனா வைத்தியசாலை. கிளினிக் மண்டபத்தில் வாங்குகள் நிறைந்திருந்தன. தீவுப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் வந்த பெண், இருதய வருத்தத்தோடு முதற் பிள்ளை சுமக்கும் பிள்ளை, மூன்று பிள்ளை கலைந்து நாலாவதைக் கையால் பொத்திக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி. எங்கள் எல்லோர் கையிலும் ஒரு சொப்பிங் பை, அதற்குள் அட்டை.

இனுவிலில் இருந்து மருமகளோடு வந்த ஓர் அம்மம்மா கதை தொடங்கினார். அவரும் அவருடைய பிள்ளைகளும் பிறந்தது இனுவில் மக்லியொட் ஆஸ்பத்திரியிலாம். 1898இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று மிஷன்காரர் தொடங்கியது அது. “அந்தக் காலத்தில பிள்ளைப்பெறு எண்டா பாதி உயிர் போய் வாறது” என்றார் அவர். அது உண்மைதான். 1930ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஓர் இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். இன்று அது சில பத்துகளாகக் குறைந்துவிட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வீடு வீடாக நடந்த மிஸ்ஸிமாருக்கும், சிக்கல் வரமுன்னம் நிபுணரிடம் அனுப்பும் இந்த ஒழுங்குக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

என் முறை வந்தது. நிபுணருக்கு முன்னால் எங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வெட்கமும் அழுகையும் வந்தால் சொல்ல வந்தது தொண்டையில் நின்றுவிடும். நான் வாய் திறக்காமல் அந்தக் கொப்பித் தாளை நீட்டினேன். டொக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“வெளியில இருக்கிற தழும்பைப் பாத்து உள்ளுக்குக் கர்ப்பப்பையை எப்பிடி வெட்டினவை எண்டு சொல்லேலாது அம்மா. ஆனா மாசம் நிரம்பாத பிள்ளை, குறுக்கால கிடந்தது எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்பிடியான நேரத்தில கர்ப்பப்பையின்ர மேல்பக்கமாவும் வெட்ட வேண்டி வந்திருக்கலாம். அப்பிடி வெட்டியிருந்தா நோ வரும்போது அந்தத் தழும்பு பிரியப் பாக்கும். அதால உங்களை நோ வரும்வரைக்கும் விடமாட்டம். வீடும் தூரம். முன்னமே வாட்டில வந்து நில்லுங்கோ.”

அன்றைக்கே ஸ்கான் எடுத்தார்கள். பிள்ளையின் உறுப்புகளைப் பார்த்ததோடு, நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார்கள். முன்பு சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அது முக்கியம், அங்கே ஒட்டினால் பிள்ளை எடுக்கும்போது இரத்தம் மிகக் கூடப் போகும். எனக்கு அது விலகி மேலே இருந்தது.

பிறகு மயக்க மருந்து நிபுணரிடம் அனுப்பினார்கள். 2010இல் எடுத்த எக்ஸ்றே படத்தை அம்மா தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தபடியால் கொண்டுபோனேன். முதுகில் ஊசி போட்டு மரக்கச்செய்வதற்கு முன் துண்டு கிடக்கும் இடம் தெரிய வேண்டும் என்றார் அவர். ஊசி போடும் இடத்துக்கு அது மேலே கிடக்கிறதாம். சகோதரிகளே, உடம்பில் செல் துண்டு, சன்னம் உள்ளவர்கள் இதை ஒளிக்காதீர்கள். ஸ்கானுக்கு அது தடையில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. படம் பெரிய காந்தத்தால் எடுப்பது, உள்ளே இரும்பு இருந்தால் ஆபத்து. எந்தப் பக்கத்துக் காயம், எப்படி வந்தது என்று சொல்ல யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் பக்கம் நின்றீர்கள் என்று வைத்தியர் கேட்கத் தேவையில்லை. துண்டு எங்கே கிடக்கிறது என்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

நிபுணரைக் காணப் போகமுன் எழுதிக்கொண்டு போக வேண்டியவை இவை: கடைசியாக மாதவிடாய் வந்த திகதி; ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த வருடம், எத்தனை மாதத்தில், எப்படி, எங்கே; கலைந்தவையும் இறந்தவையும்; இரத்தம் ஏற்றியிருந்தால் அது; பழைய சத்திரசிகிச்சை, காயம்; குடிக்கும் குளிசை எல்லாம், நாட்டு மருந்து உட்பட; ஒத்துவராத மருந்து; வீட்டில் உள்ள வருத்தங்கள். கடைசியில் உங்கள் கேள்விகள் மூன்று. நித்திரையில்லாமை, கெட்ட கனவு, மனப் பயம் இருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். அதுவும் வருத்தம்தான், அதற்கும் உதவி உண்டு. வைத்தியர் சிங்களம் பேசுபவராக இருந்தால் தமிழ் தெரிந்த தாதியை நிற்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு ஓரிடமும் போகாதீர்கள்.

அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்கக்கூடாத அறிகுறிகளும் உண்டு. தாங்கேலாத தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே நோ, முகம் வீங்குதல், வலிப்பு, இரத்தம் போதல், தண்ணீர்க்குடம் உடைதல், காய்ச்சல், மூச்சு முட்டுதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல். இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்றும் பாராமல் 1990க்கு அடியுங்கள். 2016இல் தெற்கில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. வீட்டுக்கு வரும் வழியை வீட்டில் உள்ள எல்லோரும் சொல்லப் பழகியிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு, பிரதான வீதியில் எந்த ஒழுங்கை என்று மகள் மனப்பாடமாகச் சொல்வாள்.

எனக்கு இன்று 34 கிழமை. வருகிற திங்கட்கிழமை வாட்டுக்குப் போகிறேன். இரண்டு சட்டை, பிள்ளைக்குத் துணி, சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் பையில் வைத்தாயிற்று. நான் நிற்கும் நாட்களில் மகளைப் பார்க்க அம்மா இருக்கிறார். அவர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு என்னோடு வருவார். கொப்பித் தாள் மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியதால் மகளிடம் கொடுத்து வடிவான எழுத்தில் இரண்டு பிரதி எழுதச் சொன்னேன். தான் பிறந்த கதையை அவள் அப்போதுதான் முழுதாக வாசித்தாள். “மாமாவின்ர ரத்தமா அம்மா?” என்று மட்டும் கேட்டாள். ஓமென்றேன். ஒரு பிரதியை எனக்குத் தந்து, மற்றதைத் தன் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.