மோயாற்றுப் பயணத் திட்டம்

மதுக்கரையில் பிறந்தவர்க்கு ஆறு என்பது பிறர் ஊர்ச் செல்வம். நமக்கு வாய்த்தவை சுண்ணாம்புக்கல்லும், சிமெண்ட் ஆலையும், பாலக்காட்டுக்குச் செல்லும் இரயில் பாதையும்தாம். அதனால்தான் போலும், நம் மச்சான் நாற்பது ஆண்டுகளாக ஒரே பயணத்தைப் பற்றிப் பேசி வந்தார். வடக்கே, பவானிசாகருக்கும் அப்பால், மோயாற்றில் பரிசலேறி, நீரோட்டத்தோடு மிதந்தவாறே தூண்டிலில் ஒரு பெருங்கெண்டையைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆலைப் பணியிலிருந்து ஓய்வு வந்தது; இருதய அறுவையும் வந்தது. சென்ற ரமலானில் தராவீஹ் முடிந்து திரும்பும் வழியில் நம் கையைப் பற்றினார். "மாப்பிள்ளை, நீங்கள் கிதாபு பார்த்தவர். இதையும் அப்படிப் பார்த்து ஏற்பாடு செய்யுங்கள். இனித் தள்ளிப்போட எனக்கு வயதில்லை" என்றார்.

பார்த்தோம். நீலகிரியில் பைக்காராவாகப் பிறக்கும் மோயாறு, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஆழ்ந்த பள்ளத்தில் ஓடி, தெங்குமரஹாடாவைக் கடந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. பரிசலோ மூங்கிற் பிளாச்சால் முடைந்த வட்டக்கூடை; முன்னும் பின்னும் இல்லாதது; துடுப்புக்காரர் அயர்ந்தால் கிறுகிறுவெனச் சுழலும். மழைநீர் தெளிந்த தை, மாசி நல்ல காலம். இரைக்குக் கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டிய உருண்டை. இவ்வளவும் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். எழுதும்போது நமக்கே ஆசை பிறந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலேயர் அந்தக் கெண்டையை மஷீர் என்றனர். 1946-இல் கபினியில் 120 இராத்தல் எடையுள்ள ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. காவிரிக் கிளைகளுக்கே உரிய அந்தத் திமில் மீனுக்கு உரிய அறிவியற் பெயர் எதுவென்று ஆய்வாளர் உறுதி செய்ததே 2018-இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் நிற்பதாகவும் பதிவாயிற்று. எஞ்சியவை வாழும் இடங்களுள் மோயாறும் ஒன்று. நாம் செல்ல எண்ணிய பகுதியைச் சூழ்ந்த காடோ 2013 முதல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அங்கே பரிசலில் மிதந்து தூண்டில் போடுவது குற்றம்.

"பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப நீரில் விடலாமே, வெள்ளைக்காரர் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றான் மச்சானின் பேரன். மச்சான் நம் முகத்தைப் பார்த்தார். உண்பதற்குப் பிடிப்பது ஆகும். ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தி இழுத்து, அது படும் அவதியை விளையாட்டாக்குவதை நம் ஆலிம்கள் வெறுத்தே வந்துள்ளனர் என்றோம். சட்டத்தையும் சொன்னோம். நாற்பதாண்டு ஆசையை நம் வாயாலேயே முடித்துவைக்க நேர்ந்ததே என்று தொண்டை அடைத்தது.

வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த மீன் இன்னும் அங்கே இருக்கிறதல்லவா?" என்று கேட்டார்.

"இருக்கிறது, மச்சான்."

உள்ளே போய், மயிலிறகுத் தண்டில் தாம் என்றோ செய்து வைத்திருந்த தக்கையை எடுத்து வந்து பேரன் கையில் கொடுத்தார். "பவானிசாகர் அணைவரை பஸ் போகுமல்லவா? ஞாயிற்றுக்கிழமை கிளம்புவோம். அங்கே ஜிலேபிக் கெண்டையை வறுத்துக் கொடுப்பார்களாம். உங்கள் அக்காவிடம் மாத்திரை டப்பாவை மறக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்" என்றார்.