தலைமாட்டுக் கல் சொல்லும் சாட்சி



நபி (ஸல்) அவர்களின் அருமைத் தோழர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் மதீனாவில் நல்லடக்கம் செய்யப்பட்டபோது, அண்ணலார் ஒரு கல்லைத் தம் திருக்கரங்களால் சுமந்து வந்து அந்தக் கப்ரின் தலைமாட்டில் வைத்தார்கள் என்று அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். தம் சகோதரரின் கப்ரை அறிந்துகொள்ளவும், தம் குடும்பத்தாரில் இறப்போரை அதனருகே அடக்கவுமே அக்கல் வைக்கப்பட்டது. கப்ருகளை அலங்கரித்துப் பெருமை கொள்வதை விலக்கிய மார்க்கம், அடையாளம் வைப்பதை விலக்கவில்லை. இந்த நுட்பத்தை விளக்கும் ஓர் இடம் உலகின் மறுகோடியில் இருக்கிறது.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்கு அண்மையில், மௌண்ட்ரெய்ல் என்னும் கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. அங்கே ராஸ் என்ற சிற்றூரை அடுத்த புல்வெளியில் ஒரு முஸ்லிம் மையவாடி இருக்கிறது. அதன் இரும்பு வளைவில் பிறையும் நட்சத்திரமும் பொறிக்கப்பட்டுள்ளன.

அங்கு உறங்குவோர் யார்? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உதுமானியப் பேரரசின் சிரியா மாகாணத்திலிருந்து கடல் கடந்து வந்த எளிய மக்கள். அவர்களுடைய கிராமங்கள் பல இன்றைய லெபனானில் உள்ளன. 1862-ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, ஒரு குடும்பம் 160 ஏக்கர் நிலத்தில் வீடு கட்டி, ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டால் அந்நிலம் அதற்கே உரிமையாகி வந்தது. பனி மூடும் அந்தச் சமவெளியில் அவர்கள் ஏர் பிடித்தார்கள். பள்ளிவாசல் இல்லாத காலத்தில் ஒருவர் வீட்டில் மற்றவர் கூடித் தொழுதார்கள். 1929-இல் தரைக்குள் பாதி இறங்கிய நிலையில் எளியதொரு பள்ளிவாசலை எழுப்பினார்கள். அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் அதுவும் ஒன்று.

அடுத்து வந்தது பொருளாதாரப் பெருமந்தம். வறட்சியும் உடன் வந்தது. பலர் ஊரை விட்டு அகன்றார்கள். பிள்ளைகள் பிற சமயத்தாரோடு மணவுறவு கொண்டார்கள். மார்க்கத்தின் பிடி தளர்ந்தது. பாழடைந்த பள்ளிவாசல் 1970-களின் இறுதியில் இடிக்கப்பட்டது.

சகோதரர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பள்ளிவாசல் போயிற்று, மையவாடி நின்றது. தம் முன்னோரின் பெயர்கள் கல்லில் இருந்ததால், 'இங்கே நாம் தொழுதோம்' என்ற நினைவும் அழியாதிருந்தது. அந்த வழித்தோன்றல்களின் முயற்சியால் 2005-இல் அதே இடத்தில் குவிமாடமும் நான்கு சிறு மினாராக்களும் கொண்ட புதிய பள்ளிவாசல் எழுந்தது. 2018-இல் அந்த மையவாடி அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்பிடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

ஆயினும் அடையாளக் கல் ஒரு சாட்சி என்றால், சாட்சி முழுமையாக இருத்தல் வேண்டும். அந்த வளைவில் 'அஸ்ஸீரியன்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அடங்கியிருப்போரோ சிரியா நாட்டு அரபு முஸ்லிம்கள். விவரம் அறியாதவர் அவர்களை வேறோர் இனத்தவர் என்றே எண்ணுவர். இன்னொன்றும் உண்டு. அமெரிக்கக் கிராமப்புறச் சாலையோரங்களில் 'முதற் குடியேறிகள்' என்று போற்றும் நினைவுப் பலகைகள் பல உள்ளன. அவர்களுக்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்தோரை மறந்துவிட்ட பலகைகளும் அவற்றுள் உண்டு. மௌண்ட்ரெய்ல் கவுண்டியின் ஒரு பகுதியே மண்டான், ஹிடாட்சா, அரிக்காரா ஆகிய பழங்குடிகளின் ஒதுக்கீட்டு நிலத்துள் அடங்கும். நமக்கே பாதகமாக அமையினும் நீதியின் பக்கம் நின்று சாட்சி பகருமாறு திருமறை (4:135) கட்டளையிடுகிறது. நம்மவரின் உழைப்பைப் பாராட்டும் அதே நாவால், அந்நிலத்தை இழந்தோரின் துயரையும் சொல்வதே முஸ்லிமுக்கு அழகு.

மதரஸாவில் பிள்ளைகளிடம் நான் அவ்வப்போது கேட்பதுண்டு: "உங்கள் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன?" பெரும்பாலோர் விழிக்கிறார்கள். அவர்களில் பலரின் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிப் பொருள் தேடியவர்கள். அந்நாடுகளில் மௌத்தானோர் எத்தனை பேர்! அவர்களின் கப்ருகள் எங்கே உள்ளன என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் வீடுகளில் ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறார்கள்.

பளிங்கு மண்டபம் நமக்கு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இன்றிரவே உங்கள் வீட்டு மூத்தவரின் அருகில் அமருங்கள். பெயர், ஊர், பயணம் போன ஆண்டு, அடக்கமான இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். குறைவும் நிறைவும் கலந்தே எழுதுங்கள். மையவாடிக்கு ஸியாரத் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, மங்கிய மீஸான் கற்களை வாசிக்கச் செய்யுங்கள். பெயர் தெரிந்தால்தான் பெயர் சொல்லி துஆச் செய்ய முடியும்.

நம்மை முந்திச் சென்றோரை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக! ஆமீன்.