நீல வெளிச்சம்

எங்கட ஹொஸ்டல் அறையில் மூன்று பேர். மூன்று பேருக்கும் முகப்பரு. ஊருக்குப் போனால் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி படிப்பைப் பற்றியது இல்லை. "என்ன பிள்ளை, முகமெல்லாம் இப்பிடிக் கிடக்கு?" என்பதுதான். மஞ்சள் பூசு, எண்ணெய்ச் சாப்பாட்டை விடு, நித்திரை முழியாதை எண்டு சொல்லாத ஆக்கள் இல்லை. எங்களில் ஒருத்தி பிரசென்டேசன் நாளில் காய்ச்சல் எண்டு சொல்லி அறையிலேயே படுத்திருந்தாள். காய்ச்சல் இல்லை எண்டு மற்ற ரெண்டு பேருக்கும் தெரியும்.

அந்தக் கிழமைதான் காசு சேர்த்து ஒன்லைனில் ஒரு எல்.ஈ.டி. முகமூடி வாங்கினோம். பரு போகும், சுருக்கம் போகும், தோல் இளமையாகும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இருபத்தொரு வயதில் எங்களுக்கு என்ன சுருக்கம்? அதை அப்ப யோசிக்கவில்லை. இரவில் லைற்றை நூத்துவிட்டு முறை வைத்துப் போட்டோம். நீல முகத்தோடு ஒருத்தி கட்டிலில் இருக்க, மற்ற ரெண்டு பேரும் பேயைக் கண்ட மாதிரிக் கத்திச் சிரிப்போம்.

பிறகுதான் தேடி வாசித்தோம். பருவில் இருக்கும் பக்டீரியா போர்பிரின் என்ற பொருளை உண்டாக்குகிறது. அது ஏறக்குறைய 415 நனோமீற்றர் நீல ஒளியை உறிஞ்சும்போது, உள்ளே உருவாகும் வீரியமான ஒட்சிசன் அந்தப் பக்டீரியாவையே கொல்கிறது. 630 நனோமீற்றரை அண்டிய சிவப்பு ஒளி இன்னும் ஆழம் போய் வீக்கத்தைக் குறைக்க உதவுகிறது. ஆக, விசயம் முழுப்பொய் இல்லை. ஆனால் சிவந்து வீங்கிய சாதாரண பருக்களுக்குத்தான் ஓரளவு பயன். கரும்புள்ளிக்கும் ஆழமான கட்டிக்கும் பெரிதாக உதவாது. பல கிழமை விடாமல் செய்யவேணும், விட்டால் திரும்ப வரலாம்.

இந்த வைத்தியத்தின் பழைய கதை எங்களை நிறுத்தி வாசிக்க வைத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சன் என்ற வைத்தியர், தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903 இல் நோபல் பரிசு பெற்றார். மூக்கையும் கன்னத்தையும் அரித்துவிடும் நோய் அது. அந்த முகத்தோடு வெளியில் இறங்க எவ்வளவு கூசியிருப்பார்கள்! அவர்களுக்காகத் தொடங்கின வெளிச்சத்தைத்தான் இண்டைக்கு எங்களுக்கு 'இளமை' எண்டு விற்கிறார்கள்.

ஆறு கிழமையில் ஒருத்திக்குக் கொஞ்சம் குறைந்தது, இன்னொருத்திக்கு ஒரு மாற்றமும் இல்லை. பிரசென்டேசனுக்குப் போகாதவள் ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் டொக்சிசைக்ளின் எடுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்துக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்து அது. முகமூடியைப் பற்றிச் சொன்னதும், "முதலில் கேட்டிருக்கலாமே மகள்" எண்டு டொக்டர் நிற்பாட்டச் சொன்னார். 2019 இல் வெளிநாட்டில் ஒரு பெரிய நிறுவனமே தன் முகமூடியைக் கடைகளில் இருந்து திருப்பி எடுத்திருக்கிறது. சில கண் நோய் உள்ளவர்களுக்கும் இப்படியான மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிக்கப்படலாம் என்பதுதான் காரணம். வாங்கும்போது இதெல்லாம் எங்களுக்கு ஆர் சொன்னது?

போன கிழமை அவள் பிரசென்டேசன் செய்தாள். பரு அப்பிடியேதான் இருந்தது. நாங்கள் முன்வரிசையில் இருந்தோம்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் தங்கச்சிமாருக்கும் பரு வந்திருக்கும். அவையளைக் கண்டதும் முதலில் என்ன கேட்கிறது எண்டு இப்பவே யோசித்து வைத்திருக்கிறோம்.