இரணைமடுக் கட்டிலே எம் இளவல்

பனி மூடிய மலைகளின் உச்சியிலே, வழிப்போக்கர்க்கென அமைந்த சிறு குடில்களில் தனித்திருந்து பணிபுரிவோர் மேலை நாடுகளில் உளர். அவரைக் காண உடன்பிறந்தார் மலையேறிச் செல்வதும் உண்டு. எம் வன்னிப் பெருநிலத்திலே அத்தகைய மலைகள் இல்லை. காட்டிற்கும் வயலிற்கும் இடையே நிமிர்ந்து நிற்பது குளக்கட்டு ஒன்றேயாம். இரணைமடுக் குளக்கட்டின் ஒரு புறத்தே, வான்கதவுகளுக்கு அணித்தாய், சிறு காவலறை ஒன்றிலே எம் இளவல் பணிபுரிகின்றான். எம் கல்லூரியிலேயே கற்றவன். எண்பதுகளில் வன்னிக்குச் சென்றவன். இன்னும் ஓராண்டில் இளைப்பாற இருப்பவன். சென்ற மாரிகாலத்தில் இரு நாள் அவனோடு தங்கினோம். அங்கே கண்டதும் கேட்டதும் யாழ்ப்பாணத்தார் அறியத்தக்கன என்று கருதியே இதனை வரைகின்றோம்.

கண்டி வீதியில் பேருந்தினின்றும் இறங்கிக் கிழக்கே செல்லின், கனகாம்பிகை அம்மன் கோவிலுக்கு அண்மையிலே கட்டுத் தோன்றும். ஒரு மைலுக்கும் மேலாக நீண்ட அணை அது. கனகராயன் ஆற்றை மறித்து 1902 ஆம் ஆண்டிலே தொடங்கிய வேலை 1920 இலேதான் நிறைவெய்தியது. அப்பொழுது நாற்பதினாயிரம் ஏக்கரடி நீரே கொண்ட குளம், படிப்படியாகக் கட்டு உயர்த்தப்பெற்று, 1970களில் ஓர் இலட்சம் ஏக்கரடியைக் கடந்தது. அண்மைக் காலப் புனரமைப்பின் பின் அதன் நிறைமட்டம் 36 அடியாயிற்று. இரணை என்பது இரட்டை. முன்னொரு காலத்தே இரு மடுக்களாய் இருந்தமையின் இப்பெயர் வந்தது என்பர்.

இளவலின் அறையிலே ஒரு கட்டில், ஒரு மேசை, நீர்மட்டங் குறிக்கும் பதிவேடு, ஒரு மின்சூள், சுவாமி படம் ஒன்று. இரவிலே யானை வருமாதலின் முற்றத்தில் வாழை வைப்பதில்லை என்றான். காலையும் மாலையும் நீர்மட்டங் குறித்து அறிவித்தல், அலுவலகத்துக் கட்டளைப்படி துருசு திறத்தல், பூட்டுதல், கட்டை நடந்து நோக்குதல் என்பன அவன் கடமைகள். இவற்றுள் நடத்தலே பெரிதாம். கறையான் புற்றும் எலி வளையும் உடும்பு வளையும் சிறியனவே. ஆயின் நிறைகுளத்து நீர் அவ்வழியே கசியத் தொடங்கின் மண்ணை அரித்துக் கட்டையே உடைக்கவல்லது. மரத்தின் வேரும் அவ்வாறே. ஆகலின் நிழல் தரும் ஒரு மரத்தையும் அவன் கட்டின்மேல் வளரவிடான்.

மழை பெய்யும் இடம் வேறு. வெள்ளம் வரும் இடம் வேறு. தெற்கே வவுனியாப் பக்கத்துக் காடுகளிற் பெய்த மழை ஆற்றோடு வந்து சேரப் பல மணி நேரஞ் செல்லும். கிளிநொச்சியில் வானம் வெளித்திருக்கையிலேயே குளம் ஏறும். 2018 மார்கழியிலே அவ்வாறு வந்த பெருவெள்ளத்தில் வான்கதவுகள் திறக்கப்பட்டன. தாழ்நிலங்களில் வாழ்ந்த பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். அவ்விரவைப் பற்றி வினவியபோது இளவல் நெடுநேரம் பேசவில்லை. "திறந்தால் கீழை இருக்கிற சனம், திறக்காட்டில் கட்டு. கதவுக்குப் பக்கத்தில நிண்டு தண்ணி இரையிறதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும், அண்ணை" என்ற அளவில் நிறுத்திக்கொண்டான்.

நிற்க. எமக்கும் அவனுக்கும் இடையே பல்லாண்டாகப் பேசப்படாத ஒரு பொருள் இருந்தது. இரணைமடு நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு எழுந்த காலத்தில், யாம் அதனை ஆதரித்தோம். அவனோ எதிர்த்த கமக்காரரோடு நின்றான். அன்றிரவு, அரிக்கன் விளக்கின் ஒளியில், அப்பேச்சு எழுந்தது.

எம் பக்கத்து நியாயம் வருமாறு: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தங்கும் மழைநீரே எம் கிணறுகளுக்கு ஊற்று. அந்நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கின்றது. மிகையாக இறைப்பின் உவர் மேலேறும். தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் நைத்திரேற்றாய் அதிற் கலக்கின்றன. குழந்தைக்குப் பால் கரைக்கவும் நம்பி அள்ளமுடியாத கிணறுகள் பல உள. இத்தனை பெரிய குளத்திலிருந்து குடிநீர் கேட்பது பெருங்குற்றமோ?

இளவல் சினந்திலன். "அண்ணை, நிறைகுளத்தைப் பாத்துக் கதைக்கிறீங்கள். ஆவணியில வாங்கோ" என்றான். காலபோகத்திற்கு மழை துணை நிற்கும்; சிறுபோகத்திற்குக் குளமே கதி. எஞ்சிய நீருக்கு ஏற்ப இத்தனை ஏக்கரே விதைக்கலாம் எனக் கூட்டத்தில் முடிவாகும்போது, கடைவாய்க்காற் கமக்காரன் வெறுங்கையோடு திரும்புவதை ஆண்டுதோறும் காண்பவன் அவன். 2009 இல் அனைத்தும் இழந்து, செட்டிகுளத்து முகாமிலிருந்து மீண்டு வந்தவர்க்கு மிஞ்சியது அவ்வயலும் இந்நீருமே என்றான். அவனும் அங்ஙனம் மீண்டவனே.

அத்திட்டம் இறுதியிற் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாகத் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024 ஆகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டது. ஆயினும் வினா தீர்ந்ததென்று கொள்ளோம். கடல்நீரினின்று உப்பைப் பிரித்தலுக்கு மின்சாரம் மிக வேண்டும். அதன் செலவை யாரோ இறுத்தேயாதல் வேண்டும்.

மறுநாட் காலை இரு வான்கதவுகள் சிறிதே உயர்த்தப்பட்டிருந்தன. நுரைத்தோடிய நீரைக் காட்டி, "இது களப்புக்குப் போய்க் கடலிலை சேரும். இதைத் தேக்கிக் கொண்டுபோங்கோ, ஆர் மறிச்சது?" என்றான். பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954 இல் வகுத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தின் உட்பொருளும் இதுவேயன்றோ? கனகராயன் ஆறு சென்று சேரும் ஆனையிறவுக் களப்பை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் களப்பிற் சேர்த்து, குடாநாட்டு நிலத்தடி நீரை வளப்படுத்த அவர் எண்ணினார். வேலை தொடங்கியும் முற்றுப்பெறவில்லை. ஆயின் அக்களப்பிலும் இறால் பிடித்து உயிர்வாழ்வோர் உளர். உவர் மாறின் அவர் தொழிலும் மாறும். வீணே ஓடுவதாக எமக்குத் தோன்றும் நீருக்கும் யாரோ ஒருவர் உரியராய் இருக்கின்றனர்.

எம் தாகம் பொய்யன்று என்பதில் இன்றும் உறுதியாய் உள்ளோம். இளவலின் அச்சமும் பொய்யன்று. இளைப்பாறியபின் ஊருக்கு வந்துவிடுமாறு அழைத்தோம். வாய்க்காலடியிலுள்ள இரண்டு ஏக்கர் வயலை விட்டு வாரேன் என்றான். வற்புறுத்தினோமல்லோம்.

எம் கல்லூரி பொறியியலாளரையும் நிருவாகிகளையும் மிகுதியாய் ஈன்றது. அவருள் நீரைப்பற்றி முடிவுரைக்கும் நிலையில் இருப்போர்க்கு ஒரு வேண்டுகோள்: மாரியில் வந்து குளத்தின் அகலத்தைக் கண்டு வியந்து திரும்பாது, ஆவணியிலும் ஒருமுறை வந்து, வெடித்துக் கிடக்கும் அலைகரையில் நடமின். அவ்வாறே வன்னிக் கமக்காரரையும் யாழ்ப்பாணத்துக்கு அழைத்து, எம் கிணற்று நீரைப் பருகக் கொடுமின். இருவரும் மற்றவர் நீரைச் சுவைத்தபின் நடைபெறும் கூட்டத்திலேதான் பயன் விளையும்.