கண்ணாடிக் கூண்டும் கள்ள விடையும்

வினாவிடைப் போட்டி என்றால் எனக்கு விருப்பம் மிகுதி, தோழர்களே! அறிவுக்குப் பரிசளிக்கும் அரங்கமன்றோ அது! ஆயினும், 1956-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தொடங்கிய ‘ட்வென்டி ஒன்’ போட்டியை எண்ணினால் என் நெஞ்சு கசக்கிறது.

முதல் நிகழ்ச்சி நேர்மையாக நடந்தது, சுவைக்கவில்லை. விளம்பரம் தந்த ஜெரிட்டால் டானிக் நிறுவனம் சீறியது. அன்றே நேர்மைக்கு விடை கொடுத்தனர்!

ஒலி புகாத கூண்டு. எதிரே, இன்முகத்தோடு வினாத் தொடுக்கும் ஜாக் பாரி. உள்ளே, விடை தேடித் தவிக்கும் சார்லஸ் வான் டோரன், கொலம்பியா பல்கலைக் கழக ஆசிரியர். நாடே வியந்தது. விடையோ முன்பே அவர் கையிலே! அவரோடு மோதிய ஹெர்பர்ட் ஸ்டெம்பலோ, அறிந்த விடையையே பிழையாகக் கூறித் தோற்குமாறு பணிக்கப்பட்டவர். 1959-இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணையிலே வான் டோரன் உண்மையை ஒப்புக்கொண்டார். 1960-இல் இத்தகைய மோசடியைத் தடுக்கச் சட்டம் வந்தது.

கூண்டுக்குள் ஒலி புகவில்லை. ஆனால், ஆள் புகுமுன்பே அவருள்ளே விடை புகுந்துவிட்டது! கூண்டைக் கண்டவர்கள் அதனையே சான்றெனக் கொண்டார்கள்.

இன்றும் போட்டிகளைப் பார்க்கிறேன். நடத்துவோரின் நயமான பேச்சை ரசிக்கிறேன். ஆனால், புன்னகை சான்றாகுமா? ஆதாயம் யாருக்கு என்றும் கேட்கிறேன். வினாத் தொடுப்பவரையும் வினவுவதன்றோ பகுத்தறிவு!