வாதி அல்-கபீர் கரையில் ஒரு தாய்



எங்கள் வீட்டுப் பூனை, கிதாபு அலுமாரியின் அடித்தட்டில் நான்கு குட்டிகள் போட்டது. மூன்றாம் நாள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக் குசினிப் பக்கம் கொண்டுபோனது. "வாப்பா, கடிக்குது!" என்று என் சின்ன மகள் பறிக்க ஓடினாள். "கை வைக்காதீங்க மகள், உம்மாப் பூனைக்குத் தெரியும்" என்று தடுத்தேன். நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் எல்லா வேளையிலும் இந்தப் பேச்சுச் சரிவராது என்பதை, ஸ்பெயின் நாட்டுக் காட்டுப்பூனை ஒன்றைப் பற்றி வாசித்தபோதுதான் அறிந்தேன்.

அதன் பெயர் ஐபீரிய லின்க்ஸ். காது நுனியில் கறுப்பு மயிர்க் குஞ்சம், கன்னத்தில் தாடி, கட்டை வால். குவாதல்கிவிர் ஆறு கடலில் சேரும் தோஞானாப் பகுதி அதன் பழைய இருப்பிடங்களில் ஒன்று. அந்த ஆற்றை 'வாதி அல்-கபீர்', அதாவது பெரிய ஆறு என்று அழைத்தவர்கள் அந்தலுஸ் முஸ்லிம்கள். ஸ்பானியர் நாவில் அது குவாதல்கிவிர் ஆயிற்று. அறபு வகுப்பில் இதைச் சொன்னால், தூங்கும் மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

குளிர்காலத்தில் இணை சேரும் இந்த லின்க்ஸ், ஏறக்குறைய 65 நாள் சினையாயிருந்து, மார்ச் மாதமளவில் மரப்பொந்திலோ புதருக்குள்ளோ இரண்டு மூன்று குட்டிகளை ஈனும். பின்னர் எங்கள் பூனையைப் போலவே இடம் மாற்றும். வளர்ப்பில் தந்தைக்குப் பங்கே இல்லை. (இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார்.) தனித்த லின்க்ஸுக்கு நாளுக்கு ஒரு முயல் போதும், குட்டிகள் உள்ள தாய்க்கு மூன்று வேண்டும். முயல்களைக் கொள்ளைநோய்கள் வாரிக்கொண்டு போயின. வேட்டையும் பொறியும் வேறு. 2001இல் எஞ்சியிருந்த வளர்ந்த லின்க்ஸ்கள் 62 மட்டுமே.

ஆகவே காப்பகங்களில் வைத்து இனம் பெருக்க முயன்றார்கள். 2005 மார்ச் 28இல், தோஞானாவின் எல் அசெபுச்சே நிலையத்தில், சாலியேகா என்ற தாய் மூன்று குட்டிகளை ஈன்றது. காப்பகத்தில் பிறந்த முதற் குட்டிகள் அவை. எல்லோரும் மகிழ்ந்திருக்க, ஆறு வாரமளவில் கூடப்பிறந்தவற்றுக்குள் சண்டை மூண்டு ஒரு குட்டி மாண்டது. விளையாட்டல்ல, பசியுமல்ல, அந்த வயதில் இவ்வினக் குட்டிகளுக்குள் இப்படி ஒரு மூர்க்கம் எழுகிறது. தாய் குறுக்கே புகுந்து ஒன்றைக் கவ்விப் பிரித்தாலும் சில வேளை பலிப்பதில்லை.

அதன்பின் பராமரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தச் சில வாரங்கள் இரவு பகலாகக் கமராவில் பார்த்திருந்தார்கள். மற்ற நாட்களில் கிட்டப் போகவில்லை. சண்டை முற்றினால் மட்டும் உள்ளே போய்ப் பிரித்து, ஒன்றையொன்று காணும்படி கம்பிவலைக்கு இரு பக்கமும் வைத்து, மூர்க்கம் தணிந்த பின் சேர்த்து விட்டார்கள். காப்பகங்களில் வளர்ந்த பல லின்க்ஸ்கள் காடேகின. 2022இல் வளர்ந்தவை 648 ஆயின. ஆயினும், தாயை விட்டுத் தனி இடம் தேடிப் போகும் இளசுகள் பல இன்றும் வீதிகளில் வாகனம் மோதிச் சாகின்றன.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். இப்போது அவள் குசினி வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, நான்கு குட்டிகளையும் பார்த்தபடியே இருக்கிறாள்.