யானை போகும் வழியிலே

ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கமும் யானையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் இப்போது பெருகிவிட்டார்கள். பெங்களூரில் விமானம் ஏறிப் போய் இறங்குகிறார்கள்; கூரைமேல் கூடாரத்தை மடித்து வைத்த மோட்டார் வண்டியை வாடகைக்குப் பிடிக்கிறார்கள்; சினேகிதர் நாலு பேராகச் சேர்ந்து நமீபியப் பாலைவனத்திலும் கலஹாரியிலும் பத்துப் பதினைந்து நாள் சுற்றுகிறார்கள். உடம்பெல்லாம் செம்புழுதியும் பெட்டி நிறையப் புகைப்படங்களுமாகத் திரும்பி வந்து, பார்க்காதவர்களை உட்கார வைத்துக் காட்டுகிறார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நேயர்கள் நம்பப் போவதில்லை, ஆகையால் சொல்லவில்லை. பள்ளிக்கூட உபாத்தியாயரின் சம்பளத்துக்குக் கலஹாரி சற்றுத் தூரந்தான்.

ஆனால் கூட்டமாகப் புறப்பட்டு, இரவெல்லாம் நடந்து, பகலெல்லாம் முகாமிட்டு, மாதக்கணக்கில் சஞ்சாரம் செய்யும் கோஷ்டி ஒன்று வருஷந்தோறும் எங்கள் கெலமங்கலத்துப் பக்கமே வந்து போகிறது. ஐப்பசி பிறந்து ராகிக் கதிர் முற்றத் தொடங்கியதும், கர்நாடகத்துப் பன்னேருகட்டாக் காடுகளிலிருந்து யானைகள் கிளம்புகின்றன. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் தங்கித் தங்கி, ஊடேதுர்க்கத்துக்கும் சானமாவுக்கும் வந்து சேருகின்றன. வயதில் மூத்த பெண் யானை ஒன்று முன்னே நடக்கும். குட்டிகள் நடுவே வரும். திரும்பிப் போக மாசியும் ஆகும். சீட்டு வாங்காமல் எல்லை கடக்கிற யாத்ரீகர்கள் இவர்கள்தாம்.

கெலமங்கலம் முகாம்களுக்குப் பழகிய ஊர். 1799-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் திப்பு சுல்தானை முடிக்கப் புறப்பட்ட ஜெனரல் ஹாரிஸின் படை இங்கேதான் கூடாரமடித்தது. நிஜாமின் சேனையும் உடனிருந்தது. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லியும் அதில் ஒருவர். பொதி எருதுகள் வழியெல்லாம் விழுந்து மாண்டன. இருந்தும் அந்தப் படை மே மாதம் 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தது. இதைப் பையன்களுக்குச் சொன்னால், "இந்த ஊரிலா ஸார்?" என்று ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். வெளியே தெரிவது முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றும் லாரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை பேசுகிற சந்தை. கொஞ்சம் தள்ளி ரோஜாவுக்காகப் போட்ட பாலிதீன் கூடாரங்கள். அதற்கும் அப்பால் உத்தனப்பள்ளி வழியில் செல்பேசிக்கு உறுப்புச் செய்யும் டாடாவின் பெரிய தொழிற்சாலை. அங்கே வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பஸ்கள் வரிசையாக ஓடுகின்றன. யானைகளின் பழைய வழி இவ்வளவுக்கும் நடுவே போகிறது.

அரையாண்டு விடுமுறையில் நாங்கள் நாலு பேர் அந்த வழியை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி வருவதென்று புறப்பட்டோம். எங்கள் பள்ளிக் கணக்கு உபாத்தியாயர் ஒருவர். காய்கறி வியாபாரி ஒருவர், ஜீப்பு அவருடையது. ஓசூர் மோட்டார்க் கம்பெனியில் வேலை பார்க்கும் சினேகிதர் ஒருவர். இந்த மூன்றாமவர் ஆப்பிரிக்கா போய் வந்தவர். ராகி மாவு, அரிசி, புளி, ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம், நாலு கம்பளி, இரண்டு டார்ச் விளக்கு; இவைதாம் எங்கள் தளவாடம்.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அய்யூர் போனால் மரங்களின் நிறமே மாறிவிடுகிறது. மார்கழிக் குளிரில் மூங்கில் புதர்களின் மேல் பனி நூல் நூலாகத் தொங்கிற்று. இங்கே இஷ்டப்பட்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. ஓசூர்க் காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014-ம் வருஷத்தில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாயிற்று. அதற்குத் தெற்கே 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமும் ஏற்பட்டது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதிலிருந்து கட்டுப்பாடு இன்னும் கடுமையாயிற்று. 2024-ல் சர்க்கார் நாற்பது மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவும் வழிகாட்டியுமாகத் திறந்துவிட்டார்கள். அவற்றில் அய்யூரிலிருந்து சாமி ஏரிக்குப் போகும் பாதையும் ஒன்று. நாங்கள் அதிலேதான் நடந்தோம்.

யானையைப் பார்க்கவில்லை, யானை எங்கும் இருந்தது. உரசிய மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே சேறு காய்ந்திருந்தது. மூங்கில் குருத்தை மென்று துப்பிய சக்கை பாதையில் கிடந்தது. ஓரிடத்தில் புதிய லத்தி. வழிகாட்டியாக வந்த பையன் புறங்கையை அதனருகே கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "ராத்திரி போனது" என்றான். அதற்குள்ளே உமியோடு ராகி மணிகள் அப்படியே கிடந்தன. கணக்கு உபாத்தியாயர் அதைப் பார்த்து வெகுநேரம் பேசவில்லை. அவர் தகப்பனார் ராகி விதைத்தவர்.

இரவு அய்யூரில் அனுமதி பெற்ற விடுதியின் வாசலில் களி கிளறித் தின்றுவிட்டு, சினேகிதரை ஆப்பிரிக்கக் கதை சொல்லச் சொன்னோம். நமீபியாவில் ஈட்டோஷா என்று ஒரு காடு இருக்கிறதாம். காடு என்று சொல்வதுகூடத் தவறு. நடுவே ஒரு பிரம்மாண்டமான உப்புப் பாழ், அதன் ஓரங்களில் நீர்க்குழிகள். 1907-ல் ஒதுக்கப்பட்ட அதன் இன்றைய பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். சூரியன் மறைவதற்குள் யாத்ரீகர்கள் எல்லோரும் முகாமின் வேலிக்குள் வந்துவிட வேண்டும், கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு வேலிக்குள்ளே மனிதர்கள் பெஞ்சியில் உட்கார்ந்திருக்க, வெளியே விளக்கு வெளிச்சத்தில் யானையும் காண்டாமிருகமும் தண்ணீர் குடித்துப் போகுமாம். "மிருகக்காட்சிச்சாலையைத் திருப்பிப் போட்ட மாதிரி" என்றார் சினேகிதர். போட்ஸ்வானாவில் அந்த வேலிகூட இல்லாத முகாம்கள் உண்டு. இரவில் கூடாரத்தின் துணிக்கு அந்தப் பக்கம் யானை நின்று கருவேல நெற்று பொறுக்குவது கேட்குமாம். அந்தத் தேசத்தில் மட்டும் யானைகள் சுமார் 1,30,000. நம் தமிழ்நாட்டில் 2024-ல் எடுத்த கணக்கு 3,063.

மத்தியக் கலஹாரிக் காப்பகத்தின் பரப்பைக் கேட்டதும் கணக்கு உபாத்தியாயர் விரலைவிட்டு எண்ணினார். 52,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் காவிரி வடக்குச் சரணாலயம்போல் நூறு அதற்குள் அடங்கும். "அவ்வளவு இடம் இருந்தால் சண்டையே இராது" என்றார் வியாபாரி. அப்படியும் இல்லை. அந்தக் காப்பகத்தின் வடக்கு எல்லையை ஒட்டி 1958-ல் ஒரு நீண்ட வேலி போட்டார்கள். கோமாரி நோய் காட்டு மிருகங்களிடமிருந்து மாடுகளுக்குத் தொற்றாமல் இருப்பதற்காக ஏற்பாடு. மாட்டிறைச்சியை ஐரோப்பாவுக்கு விற்கிற தேசம், அதற்கு அவசியந்தான். ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் தண்ணீரைத் தேடி வடக்கே நடக்கும் வில்டிபீஸ்ட் என்னும் மாட்டு மான்கள் அந்த வேலியில் முட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் செத்தன. இடம் எவ்வளவு பெரிதானாலும் வழி அடைபட்டால் அது போதாமல் போய்விடுகிறது.

மறுநாள் அஞ்செட்டிக்கு இறங்கினோம். வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையில் குளிர் கழன்று விழுந்து வெயில் ஏறிக்கொள்கிறது. கென்னத் ஆண்டர்சன் என்ற பெங்களூர் வேட்டைக்காரரின் புத்தகங்களில் ஜவளகிரி, அஞ்செட்டி என்ற பெயர்களை இங்கிலாந்துப் பிள்ளைகள்கூடப் படித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் படித்ததில்லை. தொட்டஹள்ளா என்னும் ஓடை மணலாகக் கிடந்தது. கன்னடத்தில் 'பெரிய ஓடை' என்று பொருள். தமிழ்நாட்டுக்குள் ஓடுகிறதே என்று யாரும் பெயரை மாற்றவில்லை.

நாட்ராபாளையத்துக்கு அப்பால், பாதையிலிருந்து விலகிக் காவிரிக் கரையில் பிலிகுண்டுலு இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை மத்திய நீர் ஆணையம் அளக்கிற இடம். சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் தீர்மானித்தபடி சாதாரண வருஷத்தில் 177.25 டி.எம்.சி. இங்கே வந்து சேர வேண்டும். ஒரு கன அடி குறைந்தாலும் இரண்டு ராஜ்யங்களிலும் பத்திரிகைகள் பேசும். அதே எல்லையில் வருகிற யானைகளுக்கு இப்படி ஒரு தீர்ப்பும் கிடையாது. இத்தனை யானைக்கு இத்தனை காடு என்று எந்தப் பக்கமும் வழக்காடியதில்லை. எதிர்க் கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம். அங்கே 2014-ல் தானியங்கிக் காமிராவில் தேன்கரடி என்னும் சிறு பிராணி அகப்பட்டது. கலஹாரி மணலில் நல்ல பாம்பைத் தின்றுவிட்டுத் தூங்குகிறதே, அதே ஜாதி. சினேகிதருக்குப் பழைய சினேகிதனைக் கண்ட சந்தோஷம்.

ஒகேனக்கல்லைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், மீன் சாப்பிட்டோம், அவ்வளவுதான். பென்னாகரம், பாலக்கோடு வழியாகத் திரும்பும்போது மாரண்டஹள்ளியைக் கடந்தோம். 2023 மார்ச்சு மாதம் அந்த ஊர்ப் பக்கம் பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் மாண்டன. கூட இருந்த இரண்டு குட்டிகள் பிழைத்து, தாய்களின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த நாள் என் வகுப்பில் பையன்கள் இரண்டு கட்சியானார்கள். பயிர் போன வீட்டுப் பிள்ளைகள் ஒரு கட்சி, மற்றவர்கள் ஒரு கட்சி. தீர்ப்புச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். கம்பியில் மின்சாரம் வைத்தது குற்றம் என்று சொன்னேன். "அப்போ ராகி, ஸார்?" என்று கேட்டான் ஒருவன்.

கடைசி இரவு கெலமங்கலத்துக்கு அருகே வியாபாரிக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் கொல்லையில் தங்கினோம். கதிர் அறுத்துக் களத்தில் போர் போட்டிருந்தார்கள். பக்கத்துப் புளியமரத்தில் பரண். கீழே கனன்றுகொண்டிருக்கும் கட்டைகள். ஒரு தகரடப்பா, கொஞ்சம் பட்டாசு. இருட்டுவதற்கு முன் காட்டோரமாய் நடந்து போனபோது ஒரு புதுமாதிரி வேலியைக் கண்டோம். பலமான தூண்கள் நட்டு, அவற்றுக்கிடையே கட்டைவிரல் பருமனுக்கு முறுக்கிய எஃகு வடங்களை வரிசையாக இழுத்துக் கட்டியிருந்தது. மின்சாரம் இல்லை. ஆப்பிரிக்கச் சினேகிதர் சட்டென்று நின்றார். "இதை நான் ஆட்டோவில் பார்த்தேன்!" என்றார். வாடகை ஆட்டோவைச் சொல்கிறார் என்று வியாபாரி எண்ணிக்கொண்டார்.

ஆட்டோ என்பது தென்னாப்பிரிக்காவில் ஓர் ஊர்; ஆரஞ்சுத் தோட்டங்களின் பிரதேசம். தோட்டக்காரர்கள் முறையிட்டதன்பேரில் 1919-ல் அங்குள்ள யானைகளைச் சுட்டுத் தீர்க்க சர்க்காரே ஒரு வேட்டைக்காரரை நியமித்தது. நூற்றுக்கு மேல் சுட்டார். பிறகு மனம் மாறி 1931-ல் பூங்கா ஏற்படுத்தியபோது மிஞ்சியவை பதினொன்று. 1954-ல் ஆம்ஸ்ட்ராங் என்ற அதிகாரி பழைய டிராம் தண்டவாளங்களைத் தூணாக நட்டு, மின்தூக்கியின் எஃகு வடங்களை இழுத்துக் கட்டி, யானையால் பிடுங்க முடியாத வேலியைக் கண்டுபிடித்தார். இன்று அங்கே அறுநூறுக்கு மேல் யானைகள். அந்த மாதிரியைப் பார்த்துத்தான் ஓசூர் வனக்கோட்டத்திலும் எஃகு வட வேலி போட்டிருக்கிறார்கள்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் ஆட்டோவில் வேலி யானைகளைச் சுற்றி நின்றது. உள்ளே இருப்பவை உள்ளேயே இருந்தன. நம் யானையோ வழிப்போக்கன். இங்கே வேலி ஒரு பக்கத்தில் நிற்கிறது; அது முடிகிற இடத்துக்கும் ஒரு கொல்லை உண்டு, அந்தக் கொல்லைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. எங்களுக்கு இடம் கொடுத்தவர் அந்தச் சொந்தக்காரர்தான்.

"கம்பி வந்ததிலிருந்து மேல்கொல்லைக்காரர்கள் நிம்மதியாய்த் தூங்குறாங்க ஸார்" என்றார் அவர். "முன்னே பத்துக் கொல்லையிலே பிரிஞ்சு தின்னுட்டுப் போகும். இப்போ எல்லாம் இந்தப் பக்கமே வருது."

"இந்த வேலியை இன்னும் நீட்டச் சொல்லி மனுக் கொடுக்கலாமே" என்றார் கணக்கு உபாத்தியாயர்.

"கொடுத்திருக்கேன். நீட்டினா என் கொல்லை தப்பிச்சிடும். அப்புறம் அந்தக் கடைசியிலே என் மச்சான் கொல்லை இருக்கு ஸார்."

இரவு இரண்டு மணிக்குமேல் நாய் குரைத்து, சட்டென்று நிறுத்திக்கொண்டது. காட்டுப் பக்கம் ஒரு கிளை முறிந்தது. பட்டாசை எடுத்த வியாபாரியின் கையை விவசாயி மெதுவாகப் பிடித்துக்கொண்டார். சாம்பல் நிறத்தில் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவே சிறியதாக ஒன்று, மறுபடி பெரியது. களத்து மேட்டில் வந்து நின்று துதிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் மோந்தன. கட்டையின் புகை அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு முன்னே நின்றது திரும்பிற்று; எல்லாம் அதன் பின்னே வேலியை ஒட்டிக் கிழக்கே நடந்தன.

"பதினொண்ணு" என்றார் விவசாயி. பிறகு செல்பேசியை எடுத்து, கிழக்கே இருக்கும் கொல்லைக்காரரைத் தெலுங்கில் எழுப்பினார்.